மூன்று டக், ஒன்பது முட்டை

பால்டிமோர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக்கூட சேது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். வசந்தாவை விசாரித்ததாகச் சொல்.

சரி, விஷயம் இதுதான். 1989இல் பாளையங்கோட்டையில் நீ எனக்குச் செய்த அநியாயத்துக்கு இப்போதுதான் கணக்கு கிடைத்திருக்கிறது. மூன்று டக்குக்கு ஒருத்தனைத் தண்ணீர் தூக்க அனுப்பினாயே, கேப்டனா நீ? மூன்று இன்னிங்ஸை வைத்து யாரைத்தான் எடைபோட முடியும்?

சிரிக்காதே. போன மாதம் அதே அநியாயத்தை நானே செய்தேன், அதனால்தான் இந்தக் கடிதம். சின்னவள் சாஃப்ட்பால் ஆடுகிறாள், பேஸ்பாலின் தங்கை மாதிரி ஓர் ஆட்டம். ஒன்பது தடவை மட்டை பிடித்தாள், ஒரு ஹிட் கூட இல்லை, அதாவது அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தை ஒரு தடவைகூட எட்டவில்லை. திரும்பி வரும்போது காரில் நான் பேசிய பேச்சை உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. குண்டு சார் பரீட்சைப் பேப்பரை முகத்தில் வீசுவாரே, அதே குரல் எனக்கு வந்தது. அவள் பதிலே பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு தடவைக்கு ஒரு ஹிட் அடிக்கக்கூடிய பிள்ளை, அதாவது சுமாரான பிள்ளை, தொடர்ந்து ஒன்பது தடவை கோட்டைவிட எவ்வளவு வாய்ப்பு? முக்காலை ஒன்பது முறை பெருக்கினால் ஏழரை சதவீதம். பதிமூன்றில் ஒன்று. அவளுடைய அணியில் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே திறமை என்றாலும் ஒருத்திக்கு அப்படி ஆவது சகஜம். அந்த ஒருத்தி என் பெண் என்பதற்காக நான் காரில் கத்தியிருக்கிறேன்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன் அல்லவா, வேலிக்கு மேலே தக்காளி நீட்டுவாரே, அவர்தான் எண்ணெய் ஊற்றுகிறார். இந்த ஊர் பேஸ்பால் அணி ஓரியோல்ஸ். 14 வருஷம் தொடர்ந்து உதை வாங்கிவிட்டு 2012இல் 93 ஆட்டம் ஜெயித்தார்கள். ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. தாத்தாவைக் கேட்டால் கண் கலங்க, ‘அந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம்’ என்பார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த வருஷம் அவர்கள் எடுத்த ரன் 712, கொடுத்த ரன் 705. பில் ஜேம்ஸ் என்று ஒருவர், பதப்படுத்திய உணவு தயாரிக்கும் ஆலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே பேஸ்பால் கணக்கு எழுதியவர், ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வந்த தொகையால் வகுத்தால், எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும் என்று ஏறக்குறைய சொல்லிவிடும். ஓரியோல்ஸுக்கு வந்த விடை 82. மீதிப் பதினொன்று எங்கிருந்து வந்தது?

ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். 30 அணிகளும் மைதானத்துக்கே போகாமல் 162 தடவை காசு சுண்டிப் பார்க்கிறார்கள் என்று வை. சராசரி 81, ஆனால் ஆறு ஆறரை ஆட்டம் மேலேயோ கீழேயோ இழுப்பது சர்வ சாதாரணம். முப்பதில் ஒரு அணியாவது 93 பக்கம் போய் நிற்கும். அதற்கும் யாராவது நெஞ்சுரம் என்று பெயர் வைப்பார்கள்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பந்து போட வந்து வெற்றியைக் காப்பாற்றும் பிட்சர் ஜிம் ஜான்சனைக் காட்டித் தாத்தா மடக்கினார். அந்த வருஷம் அவருக்கு 51 சேவ், அதாவது அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்கள். நியாயமான வாதம்தான். ஆனால் 2013இலும் அதே ஜான்சன் 50 சேவ் எடுத்தார். அணியோ ஒரு ரன் ஆட்டங்களில் 20 ஜெயித்து 31 தோற்றது. நெஞ்சுரம் ஒரே குளிர்காலத்தில் எங்கே போயிற்று தாத்தா என்று கேட்டேன். இரண்டு வாரம் தக்காளி வரவில்லை.

இதைவிட என்னை உலுக்கியது பெத்ரோ மார்த்தினேஸ் கதை. 1999இலும் 2000இலும் அவர்தான் அவருடைய லீக்கின் தலைசிறந்த பிட்சர், அதில் சண்டையே இல்லை. ஆனால் ஸ்ட்ரைக் அவுட்டையும் (மூன்று பந்தைக் கோட்டைவிட்டு அவுட் ஆவது) ஹோம் ரன்னையும் (நம் சிக்ஸர் மாதிரி) ஒதுக்கிவிட்டு, மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்துகளை மட்டும் எடுத்துப் பார். 1999இல் நூற்றுக்கு 32க்கு மேல் ஹிட் ஆயிற்று. மறு வருஷம் 24 கூட இல்லை. மோசமான பட்டியலிலிருந்து நல்ல பட்டியலுக்கு, அதே கை, அதே பந்து. ஸ்ட்ரைக் அவுட் மட்டும் இரண்டு வருஷமும் மலை மாதிரி: 313, 284. இதையெல்லாம் நோண்டி 2001இல் எழுதியவர் வோரஸ் மெக்ராக்கன், ஒரு வக்கீலிடம் உதவியாளராக இருந்தவர். பந்து மட்டையில் பட்டபிறகு அது எங்கே விழும் என்பது பிட்சர் கையில் பெரிதாக இல்லை என்றார். முதலில் பலர் ஏற்கவில்லை. சுழலாமல் தள்ளாடி வரும் நக்கிள்பால் போடுகிறவர்கள் போலச் சில விதிவிலக்கு உண்டு என்று பிற்பாடு கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் அடிப்படை ஆடவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று, பொறுத்துக்கொள். எஃப்ரன், மோரிஸ் என்று இரண்டு புள்ளியியல்காரர்கள் 1970 பருவத்திலிருந்து 18 ஆட்டக்காரர்களை எடுத்தார்கள். ஆளுக்கு முதல் 45 தடவை. அதை மட்டும் வைத்து மீதிப் பருவத்தைக் கணிக்க வேண்டும். ஒவ்வொருவர் எண்ணையும் அப்படியே நம்பாமல் 18 பேரின் பொதுச் சராசரி பக்கம் பலமாக இழுத்தார்கள். மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது! 45க்கு 8 மட்டும் அடித்துத் திணறிய தர்மன் மன்சன், அதாவது இவர்கள் கணக்கில் ஆயிரத்துக்கு 178, மீதி நாட்களில் 316 அடித்தார். சிறந்த புதுமுக விருதும் அவருக்குத்தான். நீயாக இருந்தால் அவரைத் தண்ணீர் தூக்க விட்டிருப்பாய்.

ஆனால் 45க்கு 18 அடித்த ரொபேர்த்தோ கிளமெந்தே, அதாவது 400, அவரையும் இந்தச் சூத்திரம் 290 பக்கம் இறக்கியது. மனுஷன் 346 அடித்தார். அதற்கு முன்பே நான்கு தடவை லீக்கில் முதலிடம் பிடித்த ஆள் என்று பக்கத்துக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். சூத்திரத்துக்குத் தெரியாது, அதற்கு அந்த 45ஐ மட்டும்தான் காட்டினார்கள்.

இதையெல்லாம் தாத்தாவிடம் (தக்காளி மறுபடி வருகிறது) அளந்துவிட்டு, என் பெண்ணுக்கும் வெறும் கெட்ட நேரம்தான் என்று முடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார், ‘ஒன்பதில் எத்தனை ஸ்ட்ரைக் அவுட்?’

ஏழு, மூர்த்தி.

என் மெக்ராக்கனே என்னைக் கவிழ்த்துவிட்டார். பந்து மட்டையில் பட்டால்தானே அதிர்ஷ்டத்துக்கு வேலை. அவளுக்குப் பெரும்பாலும் படவே இல்லை. ஒன்பது சின்ன எண்தான், இன்னும் எதுவும் சொல்ல முடியாதுதான், ஆனால் முட்டை சொல்வதைவிட அந்த ஏழு கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறது. பந்து வரும்போது கண்ணை மூடுகிறாளாம். தாத்தா முதல் நாளே பார்த்திருக்கிறார். நான் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘எதற்கு?’ என்றாள். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது சாயங்காலம் கொல்லையில் பழைய டென்னிஸ் பந்தை நான் மெதுவாகப் போட, அவள் அடிக்காமல் பார்க்க மட்டும் செய்கிறாள்.

அப்புறம், நம் டீமின் ஸ்கோர் நோட்டு உன் வீட்டுப் பரணில்தான் கிடக்கும், நீ எதையும் எறிகிற ஆள் இல்லை. அந்த மூன்று டக்கில் எத்தனை கேட்ச், எத்தனை போல்டு என்று பார்த்து எழுது. ஒன்று கேட்ச் என்பது எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது, மணி அண்ணன் பாய்ந்து பிடித்தது. மூன்றும் போல்டு என்று இருந்தால் நோட்டு கிடைக்கவில்லை என்று எழுதிவிடு.

அன்புடன்,
ரகு