பந்திக்கு எழுந்து போகாத தோழிக்கு

தோ பாயோ, சிங்கப்பூர்
நவம்பர் இறுதி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் தகுதி இல்லாமல் திருவிருந்துக்கு, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் அந்தப் பந்திக்கு, எப்படி எழுந்து போவது என்று நீ கேட்டிருப்பது அவசரமாகப் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை. அதனால் இங்குள்ள செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் காலையில் புளோக்கைச் சுற்றி நடப்பதை விடவில்லை. பேரனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது. நம் பிள்ளைகள் காலத்து முறை இப்போது இல்லை. 2021 முதல் நான்கு பாடங்களுக்கும் தனித்தனியாகத் தரநிலை கொடுத்துக் கூட்டுகிறார்கள். 4 வந்தால் மிகச் சிறப்பு, 32 கடைசி. அவனுக்கு 13 வந்திருக்கிறது. நல்ல முடிவுதான், ஆனால் அவன் ஆசைப்பட்ட பள்ளிக்கு அது போதாது. மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட மறுத்துவிட்டான். "உயர்நிலைப் பள்ளியில் சரிசெய்துவிடுகிறேன், பாட்டி" என்றான். நான் அவனிடம் எதையும் கேட்கவே இல்லை, வசந்தா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன்மேல் வைத்த அன்புக்குப் பதிலாக எதையோ கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்று நினைக்கிறான்.

இந்த ஊரை நான் குறை சொல்லவில்லை. தகுதிக்கு முதலிடம் என்ற கொள்கைதான் நம் அப்பாக்களைப் போன்றவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைத்து மேலே கொண்டுவந்தது. யாருடைய மகன் என்று கேட்காமல் என்ன தெரியும் என்று கேட்டார்கள். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் நம் ஜெபத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. கடவுளுக்கு முன்னால் போகும்போதும் கையில் ஏதாவது முடிவுத்தாள் இருக்கிறதா என்று தேடுகிறோம். நல்ல தாளாக இருந்தால் தலை நிமிர்கிறது. மோசமான தாளாக இருந்தால் வாசலோடு நின்றுவிடுகிறோம். நீ இப்போது வாசலில் நிற்கிறாய் என்றுதான் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யவைத்த டீச்சர் இப்போது தாதிமை இல்லத்தில் இருக்கிறார். நினைவு அனேகமாகப் போய்விட்டது. என்னைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினார். திருவிருந்துக்கு முந்தின நாள், "யாரோடாவது சண்டை இருந்தால் போய்ச் சமாதானமாகிவிட்டு வாருங்கள்" என்று கண்டிப்போடு சொல்லுவாரே, உனக்கு நினைவிருக்கும். உன் பயம் அங்கேயே தொடங்கியதோ என்னவோ. அவரிடம் இப்போது தன்னைச் சோதித்துப் பார்க்கும் நினைவாற்றல்கூட இல்லை. போன மாதம் போதகர் அப்பமும் பாத்திரமும் கொண்டுபோனபோது நானும் உடன் இருந்தேன். போதகர் நீட்டினார், டீச்சர் வாங்கிக்கொண்டார். எந்தக் கணக்கும் ஒப்புவிக்க முடியாத அந்த மனுஷிக்குக் கிடைத்தது அரைகுறையான கிருபை என்று நீ சொல்லுவாயா? என்னால் சொல்ல முடியாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அக்கா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது, வீட்டுப் பங்கு விஷயத்தில் நின்றுபோன பேச்சு கடைசிவரை நின்றதாகவே போய்விட்டது, திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது நீ மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். பவுல் எச்சரிப்பதுபோல அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்து ஆக்கினையை வரவழைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய்.

நீ செய்ததில் தவறு இல்லை, அக்காவும் பிடிவாதக்காரர்தானே என்று எழுதினால் உனக்குச் சற்று ஆறுதலாக இருக்கலாம். நான் அப்படி எழுதப்போவதில்லை. பங்கு விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா மருத்துவமனையில் இருப்பது தெரிந்தும் போகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அது பாவம்தான். நீ அதை அந்தப் பெயரிட்டே எழுதியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு உன்மேல் மதிப்பு கூடியது. அதை மழுப்பி உன்னைத் தேற்றுவது உன்னை அவமதிப்பதாகும்.

ஆனால், தகுதி இல்லாததால் எழுந்து போகாமல் இருப்பதுதான் தாழ்மை என்று நீ நினைக்கிறாயே, அங்கேதான் நான் உன்னோடு வாதாட வேண்டியிருக்கிறது.

பவுல் அந்த எச்சரிக்கையை யாருக்கு எழுதினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை முழுவதும் எடுத்துப் படி. கொரிந்து சபையார் ஒன்றாகச் சாப்பிடக் கூடினார்கள். சிலர் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்திருந்தார்கள். சிலர் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்றுதான் பவுல் கொதிக்கிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று சொல்லித்தான் முடிக்கிறார். தன் பாவத்தை நினைத்து அழுதுகொண்டு பின்பெஞ்சில் இருந்த யாரையும் அங்கே அவர் அதட்டவில்லை. தன்னைத்தானே சோதித்தறியச் சொன்னவர், சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. புசிக்கவும் பானம்பண்ணவும் சொல்கிறார். சோதித்துப் பார்த்தால் தேறிவிடுவோம் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. நமக்கு ஏன் அந்தப் பந்தி தேவை என்பது சோதித்துப் பார்த்தால்தான் நமக்கே தெரியவரும்.

நீயும் நானும் ஷார்ட் ஸ்ட்ரீட் ஆலயத்தில் வளர்ந்தவர்கள். மலேசியாவில் ஈப்போவுக்குப் போன பிறகும் நீ மெதடிஸ்ட் சபையில்தான் இருக்கிறாய். இதே சண்டை ஒருமுறை மெதடிஸ்ட் இயக்கத்தின் தொடக்கத்திலேயே நடந்தது. 1740இல் லண்டனில் ஃபெட்டர் லேனில் கூடிய சங்கத்தில் சிலர், முழு விசுவாசம் வரும்வரை திருவிருந்துக்குப் போகாதீர்கள், அமைதியாக இருந்து காத்திருங்கள் என்று போதித்தார்கள். கேட்பதற்குப் பக்தியான பேச்சு. அதைக் கேட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். நம் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை ஏற்கவில்லை. தன் நிலையை, தன் முழுப் பாவத்தையும் இயலாமையையும் உணர்ந்திருப்பதைத் தவிர அந்தப் பந்திக்கு வேறு தகுதி எதுவும் வேண்டாம் என்ற பொருளில் அந்த ஜூன் மாதமே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அடுத்த மாதம் அந்தச் சங்கத்தைவிட்டே வெளியேறினார். அவர் கேட்ட அந்த ஒரே தகுதி உன்னிடம் நிறைய இருக்கிறது, வசந்தா. உன் கடிதத்தின் நான்கு பக்கமும் அதுதானே!

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் தீரு பட்டணத்துப் பக்கம் தன் மகளைக் குணமாக்கும்படி இயேசுவைத் தேடிவந்த அந்தத் தாயைப் பற்றி நான் இந்த நாட்களில் அதிகமாக நினைக்கிறேன். யூத இனத்தவள் அல்ல. பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று அவளிடம் சொல்லப்படுகிறது. அந்த வார்த்தை இன்றைக்குப் படிக்கும்போதும் எனக்கு வலிக்கிறது. அதைச் சுலபமாக விளக்கிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அவள் என்ன செய்தாள் என்று பார். நான் அப்படிப்பட்டவள் அல்ல என்று வழக்காடவில்லை. மனம் உடைந்து திரும்பிப் போகவும் இல்லை. "மெய்தான், ஆண்டவரே" என்றாள். அதே மூச்சில், மேஜையின் கீழே விழும் துணிக்கையாவது எனக்கு உண்டு என்றாள். அந்த வார்த்தைக்காகவே மகள் குணமடைந்தாள்.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நமக்குக் கடினம். சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் ஒன்றுக்கும் உதவாத பாவி என்று நாமாகவே சொல்லிவிடுகிறோம். அதையே பக்கத்து பெஞ்சில் இருப்பவர் நம்மைப் பற்றிச் சொன்னால் எவ்வளவு கோபம் வருகிறது! அந்தத் தாய் பிறர் சொன்னதைக் கேட்டும் ஆமென்று தலையாட்டினாள். அவளிடம் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கௌரவம் எதுவும் இருக்கவில்லை, துன்பப்படும் மகள் ஒருத்தி மட்டும் இருந்தாள். உண்மை என்றால் அதுதான் என்று நினைக்கிறேன். தன்னைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்ட பிறகும் மேஜையை விட்டு நகராமல் இருந்தாளே, அந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? தன்னிடமிருந்து அல்ல, எதிரில் நின்றவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பேதுரு அப்படி இல்லை. இயேசு காலைக் கழுவக் குனிந்தபோது, நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவக்கூடாது என்றார். கேட்க எவ்வளவு மரியாதை! ஆனால் அங்கே முடிவெடுக்கிறவர் பேதுரு. எதை வாங்கிக்கொள்ளலாம், எதை மறுக்கலாம் என்று அவரே தீர்ப்பு எழுதுகிறார். நான் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்ற பதில் உடனே வந்தது. கோபித்துக்கொள்ளாதே: பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நீயும் உன் வழக்குக்கு நீயே நீதிபதியாக இருக்கிறாய். தண்டனையையும் நீயே கொடுத்துக்கொள்கிறாய். எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருந்தால் அக்காவுக்கு ஈடாகும் என்று யார் கணக்கிட்டார்கள்?

நமக்கு வாங்கிக்கொள்வது பழக்கமில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்று மொய் நோட்டில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு ரூபாயாவது கூட்டிச் செய்தவர்கள் நம் பெற்றோர். அது மானமுள்ள பழக்கம். மனிதர்களுக்குள் அப்படித்தான் உறவு நிற்கிறது. சிலுவையில் கொடுக்கப்பட்டதை மட்டும் அந்த நோட்டில் எழுத இடமில்லை. திருப்பிச் செய்ய நம்மிடம் ஒன்றுமில்லை என்பதோடு, திருப்பிக் கேட்கப்படவும் இல்லை. எபேசியருக்கு எழுதும்போது, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டக்கூடாது என்கிறார் பவுல். நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் பாருங்கள் என்று வருத்தத்தைக் காட்டிப் பெருமைப்படவும் அங்கே வழியில்லை.

எங்கள் வேதபாட வகுப்பில் ஓர் இளைஞர், அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த வரிவசூல்காரன் சகேயுவின் வீட்டில் நடந்த வரிசையைப் பார்க்கச் சொன்னேன். இயேசு மரத்தடியில் நின்று முதலில் கணக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், போனார். ஊரே முறுமுறுத்தது. அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட மனிதன்தான் பணப்பையைத் திறந்தான்.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை நீ குறிப்பிட்டிருந்தாய். அக்காவிடம் இனிப் போக முடியாது, அது என்னால் மாற்ற முடியாத உண்மை. ஆனால் அக்காவின் மகள் கிள்ளானில் இருக்கிறாள் என்று நீதான் முன்பு எழுதினாய். அவளிடம் போ. பங்கு விஷயத்தைப் பேசாதே, உன் பக்கத்து நியாயத்தையும் எடுத்துக்கொண்டு போகாதே. உன் அம்மாவைப் பார்க்க நான் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்று அவளிடம் சொல். அவள் கதவைச் சாத்தினாலும் சாத்தலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. திருவிருந்துக்குக் கொடுக்கும் கட்டணமாக நினைத்துப் போகாதே, மன்னிக்கப்பட்டவளாகப் போ. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் பலம் பந்தியில் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் பந்தி முதலில் என்கிறேன். நம் டீச்சர் இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். உன் போதகரிடமும் ஒருமுறை பேசிப் பார்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, புத்தாண்டு முடிந்தும் இரு. ஜனவரி முதல் ஞாயிறு எங்களுக்கு உடன்படிக்கை ஆராதனை, நம்மைக் கடவுளுக்கு மறுபடி ஒப்புக்கொடுக்கும் ஆராதனை. வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த அந்தப் பழக்கம் இங்கே இன்னும் நடக்கிறது, அதில் திருவிருந்தும் உண்டு. நாம் இருவரும் சேர்ந்து போகலாம். விடுமுறைக் காலம் என்பதால் எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்காக நிற்கவேண்டியிருக்கும். இரவு பஸ்ஸில் ஏறினால் கூட்டம் சற்றுக் குறைவாக இருக்கும். திரும்பிப் போகும் டிக்கெட்டை அந்த ஞாயிறுக்குப் பிறகு எடு. எந்த பஸ் என்று எழுது, அவர் வந்து அழைத்துக்கொள்வார். வரும்போது ஈப்போ வெள்ளைக் காப்பித்தூள் இரண்டு பாக்கெட் வாங்கி வா.

அன்புடன்,
ரூபி