ரயில் ஓஸ்லோ போய்ச் சேரும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடும் பார்த்து முடித்தேன் என்கிறாய். சொட்டு மருந்து போடுகிற கண்ணை இப்படியா வதைப்பது?

சரி, முதலில் நீ கேட்டதற்குப் பதில். புது டிவியில் பழைய படங்கள்கூட சீரியல் மாதிரித் தெரிவதற்குக் காரணம் உன் கண் இல்லை. சினிமாவை நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்ற கணக்கில் எடுக்கிறார்கள். புது டிவிகள் அந்த ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தாமாகவே ஊகித்துச் செருகி, அசைவை வழவழப்பாக்கிவிடுகின்றன. செட்டிங்ஸில் படம் சம்பந்தமான பகுதியில் 'மோஷன்' என்று ஏதாவது இருக்கும், அதை அணைத்துவிடு. விளையாட்டுப் போட்டி பார்க்கும்போது வேண்டுமானால் இருக்கட்டும்.

இங்கே செய்தி என்றால், அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காட்சிகள் சட்சட்டென்று மாறினால் அவளுக்குப் பிடிபடுவதில்லை. "இவன் யாரு, எப்ப வந்தான்?" என்பாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் போயே போயிருப்பான். அவளுக்காகத் தேடியபோதுதான் நார்வேயின் என்ஆர்கே தொலைக்காட்சி 2009-இல் ஒளிபரப்பிய ரயில் நிகழ்ச்சி கிடைத்தது. பெர்கன் - ஓஸ்லோ ரயில் பாதைக்கு நூறு வயது நிறைந்ததற்காக அந்தப் பயணத்தை முழுதாகக் காட்டியிருக்கிறார்கள், ஏழு மணி நேரத்துக்கும் மேல்! கதை கிடையாது. தண்டவாளம், பாறை, சுரங்கப்பாதை, பனி, அவ்வளவுதான். ஃபின்சே என்று 1,222 மீட்டர் உயரத்தில் ஒரு ஸ்டேஷன் வருகிறது. அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்த வீட்டுல ஆள் இருக்கு, விளக்கு எரியுது பார்" என்றாள். நான் கவனிக்கவே இல்லை. பின்னால் ஓட்டிப் பார்த்தால், ஆமாம், ஒரு மஞ்சள் புள்ளி.

வண்டி ஓஸ்லோவுக்குப் போய்ச் சேரும் என்று கிளம்பும்போதே தெரியும். தெரிந்தும் அத்தனை நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை. நீயும் நானும் ஒரு காலத்தில் 'அடுத்து என்ன' என்பதற்காகவே பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது எனக்கு அந்த ஆசை போய்விட்டது. நடப்பது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.

உனக்குப் பிடித்த துப்பறியும் கதைகளிலேயே 'கொலம்போ' டிவி தொடரை எடுத்துக்கொள். பெரும்பாலும் கொலை செய்தது யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பிறகுதான் துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் அந்தக் கசங்கிய மழைக்கோட்டோடு வந்து சேர்கிறார். கொலைகாரனின் முகத்தில் இருந்த தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைத்தான் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. அதனால், யாரோ முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு தொடரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் பாதியில் விடாதே, பாரடி.

இன்னொன்று. 2013-இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டபோது எனக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் பார்த்ததில் எந்தக் காட்சி எந்த எபிசோடில் வந்தது என்றே இன்று சொல்ல முடியவில்லை. அதனால் அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். பெயர்கள் ஓடி முடிந்து திரை சும்மா இருக்கும் அந்த ஒரு நிமிஷம்தான் நானும் அம்மாவும் பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொள்வது.

என்ஆர்கே 2011-இல் ஒரு கப்பல் பயணத்தையும் இப்படிக் காட்டியிருக்கிறது, மொத்தம் 134 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் பார்க்கிறோம், இன்னும் முதல் நாளே முடியவில்லை. டாக்டர் வெளியூர் போகலாம் என்று சொன்னதும் கிளம்பி வா. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கிருந்து சேர்ந்துகொள்ளலாம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி