நியூட்டன் படித்த பள்ளியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஐசக் நியூட்டன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆப்பிள் மரத்துக்கு முக்கால் பக்கம் கொடுத்துவிட்டு, அவர் படித்த இடத்தை மட்டும் ‘ஒரு கிராமத்துப் பள்ளி’ என்று முடித்துவிட்டது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

அது கிராமத்துப் பள்ளியே இல்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கிரான்தம் என்ற சந்தை ஊரில் இருக்கும் கிங்ஸ் ஸ்கூல், 1528ல் பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸ் சொத்து எழுதிவைத்து நிலைநிறுத்திய கிராமர் ஸ்கூல், இன்றும் பையன்கள் பதினோரு வயதில் பரீட்சை எழுதித்தான் உள்ளே போகிறார்கள். கிராமர் என்றால் நம் ஆட்கள் ஆங்கில இலக்கணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அது லத்தீன் இலக்கணம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெரும்பாலும் அதுதான். வீண் படிப்பு என்று தோன்றும், ஆனால் 1687ல் நியூட்டன் பிரின்கிபியா என்ற நூலை எழுதியது லத்தீனில், ஐரோப்பா முழுக்க அறிஞர்கள் படிக்க முடிந்ததும் அதனால்தான். அந்த லத்தீனுக்கு அடித்தளம் போட்டது கிரான்தம் பள்ளி. இத்தனைக்கும் அவருடைய அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

கட்டுரையில் பெயரே வராத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ். நியூட்டனுக்குப் பதினேழு வயதானபோது, போதும் படிப்பு, பண்ணையைப் பார்த்துக்கொள் என்று அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ஆடுகள் அடுத்தவர் நிலத்தில் புகுந்து அபராதம் கட்டும் அளவுக்குப் பையன் அந்த வேலையைப் பார்த்தார்! சந்தை நாளில் கிரான்தம் வந்தால் வியாபாரத்தைக் கூட வந்த வேலையாளிடம் விட்டுவிட்டு, முன்பு தங்கியிருந்த மருந்துக்காரர் வீட்டு மாடி அறையில் போய்ப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாராம். ஸ்டோக்ஸ் அம்மாவிடம் பேசினார், தாய்மாமனும் சொன்னார். அப்புறம் ஸ்டோக்ஸ் இன்னொன்றும் செய்தார்: வெளியூர்ப் பையன்கள் கட்ட வேண்டிய நாற்பது ஷில்லிங் கட்டணம் வேண்டாம் என்றார், தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். 1661ல் பையன் கேம்பிரிட்ஜ் போனான்.

ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ‘இன்னும் ஒரு வருஷம் மட்டும் படிக்க விடுங்கள்’ என்று ஒரு தகப்பனாரிடம் நானும் கெஞ்சியிருக்கிறேன். பேசிவிட்டு வருவதே பெரிய பாடு. ஸ்டோக்ஸ் அதோடு கட்டணத்தையும் விட்டுக்கொடுத்து, சோறும் போட்டிருக்கிறார். நியூட்டனைப் பற்றி எழுதும்போது இந்த மனிதரை விடவே கூடாது என்பது என் கட்சி.

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய அந்தப் பழைய கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஜன்னல் கல்லில் பையன்கள் கத்தியால் செதுக்கிய பெயர்களுக்கு நடுவே ‘ஐ. நியூட்டன்’ என்பதும் இருக்கிறது. அடுத்த இதழில் அந்தக் கல்லின் படத்தைப் போடுங்கள், கீழே ஸ்டோக்ஸ் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்