பழைய பெஞ்ச் வைஸுக்குப் பொருந்தாத நட், கடினமில்லாத தாடைத் தகடுகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
உதிரிபாக விற்பனை மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 6 அங்குலப் பெஞ்ச் வைஸின் நட், தாடைத் தகடுகள் ஆகியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சரியான அளவுள்ள பாகங்களையோ செலுத்திய தொகையையோ தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைப்பொருளைத் தாடைகளுக்கு இடையே இறுக்கிப் பிடிக்கும் என் பழைய வைஸுக்காகத் தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய நட், அதன் ஸ்பிண்டிலில், அதாவது கைப்பிடியால் சுழற்றும் மரைத்தண்டில், முழுவதும் ஏறவில்லை. அதனுடன் வாங்கிய தாடைத் தகடுகள், கடினப்படுத்திய எஃகால் ஆனவை என்று விற்பனை விவரத்தில் குறிக்கப்பட்டிருந்தும் அவ்வாறு இல்லை. இவற்றைத் திருப்பி அனுப்ப அனுமதி கேட்டதற்கு, பொருத்திப் பார்த்த பாகங்கள் திரும்பப் பெறப்பட மாட்டா என்றும், இவ்வளவு பழைய வைஸைச் சரிசெய்வதைவிடப் புதியது வாங்குவதே நல்லது என்றும் தங்கள் சேவைப் பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது என்பதால், நடந்ததை அளவுகளோடு எழுதுகிறேன்.

முதலில் அந்த வைஸின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். உடல் வார்ப்பிரும்பு, எங்கும் விரிசல் இல்லை, சிறு சுத்தியலால் தட்டினால் மணிபோன்ற தெளிவான ஓசை தருகிறது. மேலே படிந்திருந்த துருவைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மின்னாற்பகுப்பு முறையில் எடுத்தேன். வைஸை எதிர்முனையிலும் பழைய இரும்புத் தகடுகளை நேர்முனையிலும் இணைத்து, ஹைட்ரஜன் வாயு தேங்காத திறந்த இடத்தில் வைத்துச் செய்யும் இந்த முறையில், அரத்தாலோ அரவைக் கல்லாலோ தேய்க்கும்போது தேய்ந்து போவதுபோல் நல்ல இரும்பு போய்விடுவதில்லை. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன். துரு நீங்கிய பிறகு நகரும் தாடை தன் வழியில் ஆட்டமின்றி ஓடியது. ஸ்பிண்டிலின் மரையும் நன்றாகவே இருந்தது. தேய்ந்து போயிருந்தவை நட்டும் தாடைத் தகடுகளும் மட்டுமே. இவை இரண்டும் தேய்ந்தால் மாற்றிக்கொள்வதற்காகவே தனியாகச் செய்யப்படும் பாகங்கள். விலையுயர்ந்த ஸ்பிண்டில் தேயாதிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பல வைஸ்களில் நட்டை அதைவிட மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். ஆகவே நட் தேய்ந்த வைஸைப் பயனற்றது என்று ஓர் உதிரிபாக நிறுவனமே சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நட்டை வாங்குவதற்கு முன்பே, என் ஸ்பிண்டிலின் வெளிவிட்டம் 1 அங்குலம், ஓர் அங்குல நீளத்துக்கு 5 புரிகள் (மரையின் சுற்றுகள்), மரை 29 பாகைக் கோணமுள்ள, சரிவக வடிவ ஆக்மி வகை என்று எழுதி, அளவுகோலை மரையோடு ஒட்டிவைத்து எடுத்த படங்களையும் அனுப்பிப் பொருந்துமா என்று கேட்டிருந்தேன். பொருந்தும் என்று தங்கள் பிரிவு எழுத்தில் உறுதி அளித்த பின்னரே பணம் செலுத்தினேன். வந்த நட்டோ மெட்ரிக் டிரெப்பிசாய்டல் மரை, அதாவது மி.மீ. அளவில் அமைந்த சரிவக வடிவ மரை, கொண்டது. அதன் பிட்ச் (அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலான தூரம்) 5 மி.மீ., கோணம் 30 பாகை. ஓர் அங்குலத்துக்கு 5 புரிகள் என்றால் பிட்ச் 5.08 மி.மீ. ஆகும். ஒரு புரிக்கு 0.08 மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆனால் அது புரிக்குப் புரி கூடிக்கொண்டே போகும். தங்கள் நட்டின் நீளம் 60 மி.மீ.; அதில் 12 புரிகள். கடைசிப் புரிக்கு வரும்போது வேறுபாடு ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிவிடுகிறது. இதனால்தான் நட் முதல் சில சுற்றுகள் எளிதாக ஏறி, பிறகு இறுகி நின்றுவிடுகிறது. எண்ணெய் விட்டாலும், தேய்த்துப் பழக்கினாலும் தீரக்கூடிய இறுக்கம் அல்ல இது.

இதில் பொருள் இழப்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. முதல் சுற்றுகள் எளிதாக ஏறுவதைக் கண்டு, மீதி இறுக்கம் புதிய பாகத்துக்கு உரியதுதான் என்று நினைத்துக் கைப்பிடியில் குழாயைச் செருகி நெம்புகிறவர்கள் இருப்பார்கள். அப்படிச் செய்தால் நட்டின் மரை சிதையும், அல்லது நட் அமர்ந்திருக்கும் உடற்பகுதியில் விரிசல் விழும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது; உடைந்துவிடும். முன்கூட்டியே சூடேற்றி, அதற்குரிய நிக்கல் ராடு கொண்டு, மெதுவாக ஆறவிட்டுப் பற்றவைத்தாலும் பழைய வலிமை திரும்புமா என்பது உறுதியில்லை. ஒரு தலைமுறைக்கு மேல் உழைத்த கருவி, தவறான விவரத்துடன் விற்கப்பட்ட ஒரு நட்டால் அழிந்துவிடக் கூடாது.

நட்டுக்கு ஏற்ற ஸ்பிண்டிலையும் தங்களிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று பின்னர் ஒரு யோசனை சொல்லப்பட்டது. அந்த ஸ்பிண்டிலின் விட்டம் 26 மி.மீ.; என் வைஸின் முன்தாடைத் துளையோ 25.4 மி.மீ. விட்டமுள்ள ஸ்பிண்டிலுக்காகக் குடையப்பட்டது. நல்ல நிலையில் உள்ள ஸ்பிண்டிலைக் கழற்றி எறிந்து, நல்ல நிலையில் உள்ள தாடையையும் குடைந்து பெரிதாக்கச் சொல்லும் இந்த யோசனை, தவறின் சுமையை விற்றவரிடமிருந்து எடுத்து, வாங்கியவர் மீது தள்ளிவிடுகிறது.

தாடைத் தகடுகளின் துளைகள் சரியாகப் பொருந்தின, அதை மறுக்கவில்லை. ஆனால் கடினப்படுத்திய எஃகின் மீது நல்ல அரம் பற்றாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். இந்தத் தகடுகளின் ஓரத்தில் அரம் முதல் இழுப்பிலேயே பற்றித் துகள் உதிர்த்தது. சாதாரண மென் எஃகுப் பட்டை ஒன்றைப் பிடித்து இறுக்கியதும் தகட்டின் குறுக்குக் கீறல்கள் மழுங்கிவிட்டன. பிடிமானம் இல்லாத தாடையில் வைத்து அறுக்கும்போது வேலைப்பொருள் நழுவினால் கையில் காயம் ஏற்படும்.

எனவே, ஓர் அங்குலத்துக்கு 5 புரிகள் கொண்ட 1 அங்குல ஆக்மி மரை நட்டையும், உண்மையிலேயே கடினப்படுத்திய தகடுகளையும் அனுப்பித் தரும்படியும், அவை தங்களிடம் இல்லையெனில் அனுப்பும் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பொருத்திப் பார்த்த பாகம் என்ற காரணம் இங்கே செல்லாது. மரை பொருந்துகிறதா என்பதை ஏற்றிப் பார்த்துத்தான் அறிய முடியும். மேலும், தங்கள் விற்பனை விவரத்தில் இப்போதுள்ள "எல்லா 6 அங்குல வைஸ்களுக்கும் பொருந்தும்" என்ற வரியை நீக்க வேண்டும். 6 அங்குலம் என்பது தாடையின் அகலம் மட்டுமே. மரையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அந்த இடத்தில் விட்டம், பிட்ச், மரையின் வகை, இடமரையா வலமரையா என்ற விவரம் ஆகியவற்றை வெளியிட்டு, இதே நட்டை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

என் மின்னஞ்சல், தங்கள் உறுதிமொழி, மரையை அளக்கும் கேஜை நட்டிலும் ஸ்பிண்டிலிலும் வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பாகங்கள் வந்த உறையிலேயே பத்திரமாக உள்ளன. திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியையும், மாற்று நட் அனுப்பப்படும் நாளையும் எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்