கோழிக்குப் போடும் முன்

அன்புள்ள முருகேசா,

அத்தைக்குக் கால்வலி தேவலை என்றது நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். எருக்குழியில் அகப்பட்ட வெள்ளைப் புழுவையெல்லாம் கோழிக்குப் போடுகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அத்தனையும் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு என்று யார் சொன்னது, நம் சம்பந்தம் சொன்னானா? வெண்டைக்கும் புளிச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று நீதானே அவனைச் சொல்வாய்! புழுவைச் சிமெண்டுத் தரையில் விட்டுப் பார். காண்டாமிருக வண்டின் புழு சுருண்டு ஒருக்களித்துக் கிடக்கும். பூக்களைத் தேடிவரும் பூவண்டு என்று ஒன்று உண்டே, அதன் புழு சட்டென்று மல்லாந்து, ஆறு கால்களும் மேலே நிற்க, முதுகு மயிரை ஊன்றி நேராக ஊர்ந்து போகும். அதைக் கொல்லாதே. மக்கிய இலையும் எருவும்தான் அதன் தீனி. வளர்ந்த வண்டு ரோஜாவையும் வெண்டைப்பூவையும் கடிக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறத்தைப் பார்க்க வேண்டும்! ஆக்சிசீட்டோனியா வெர்சிகலர் என்ற வகைப் பூவண்டு செங்கல் சிவப்பில் கறுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக இருக்கும். ஹெட்டரோரைனா எலிகன்ஸ் என்ற இன்னொன்று மெருகேற்றிய பச்சை. அதே இனத்தில் நீலமும் செம்பு நிறமும் உண்டு. உன் குழியில் எது இருக்கிறது என்பது வண்டாகி வந்தால்தான் தெரியும்.

பூவண்டின் புழுவை வளர்ப்பது எளிது. மூடியில் ஊசித்துளை போட்ட பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். மக்கிய மா, பலா இலை இரண்டு பங்கு, ஓராண்டு பழைய சாணி எரு ஒரு பங்கு, கையால் நொறுங்கும் உளுத்த மரம் ஒரு பங்கு. வேப்பிலை, யூகலிப்டஸ் இலை வேண்டாம். அடியில் நாலு விரல் உயரத்துக்கு அழுத்தி, மேலே ஒரு சாண் தளர்வாக நிரப்பு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. எரு சரியாக மக்காவிட்டால் உள்ளே சூடேறும், அம்மோனியா நாறும், புழுக்கள் மேலே ஏறிவரும். வந்தால் அன்றைக்கே எருவை மாற்று.

மேலே புழுக்கை நிறைந்தால் சலித்துவிட்டுப் புது எரு சேர். பழையதில் கொஞ்சம் மிச்சம் வை, அதிலுள்ள நுண்ணுயிர் செரிமானத்துக்குத் தேவை. புழு மஞ்சளித்துத் தீனியை நிறுத்தினால் மண்ணையும் புழுக்கையையும் குழைத்துக் கூடு கட்டும். அதன்பின் கை வைக்காதே! கூடு உடைந்தால் வண்டின் இறக்கை கோணிப்போகும். வெளியே வந்ததும் வாழைப்பழத் துண்டு போடு, தினம் மாற்று. வயிற்றின் அடியில் நடுவே பள்ளம் இருந்தால் பெரும்பாலும் ஆண்.

ஒன்று முக்கியம். காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்லக் குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை கலந்திருந்தால் அந்த எருவைத் தொடாதே. அது இந்தப் புழுவையும் பிடிக்கக்கூடும். புழு விறைத்துச் செத்து, வெள்ளை பூத்து, பிறகு பச்சைப் பொடியாகும்.

ஆசையில் காட்டுக்குள் போய்ப் பிடிக்காதே. 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி பிடித்த இரண்டு செக் நாட்டு ஆய்வாளர்களே கைதானார்கள். புழுவுக்கு உன் குழியும், வண்டுக்குக் கொல்லையில் பூத்த சோளக் கதிரும் போதும்.

மல்லாந்து ஊர்ந்தவை எத்தனை என்று உடனே எழுது. டப்பா அனுப்பட்டுமா?

அன்புடன்,
செல்வம்