அவசரத்தைக் குறைத்துத் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியின் முன்கள வீரனோடு இந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுக்கப் பின்னேரங்களில் மினக்கெட்ட எல்லோருக்கும் வணக்கம். தம்பியின் உதையில் பலத்துக்குக் குறைவில்லை. கோலுக்கு முன்னால் பந்து கிடைத்ததும் கோல் காப்பாளரைப் பார்ப்பான், பார்த்த இடத்துக்கே அடிப்பான். அவ்வளவுதான் குறை. நீங்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், மற்றக் கழகப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி குருநகர் வலைக்கார ஐயாவுக்கு. கோலின் கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீற்றர். இரு கரையிலும் ஒவ்வொரு மீற்றர் விட்டு, நடுவில் மிச்சமுள்ள 5.32 மீற்றரையும் பழைய வலையால் மறைத்துத் தந்தீர்கள். இழுத்துக் கட்டுங்கோ என்று நாங்கள் சொல்லச் சொல்ல ஒரு முழம் தொய்வு விட்டுக் கட்டினீர்கள். அதுதான் சரி. இறுக்கிக் கட்டிய வலை பந்தை அடித்தவனின் முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். தொய்ந்த வலை வேகத்தை வாங்கிக்கொண்டு பந்தைக் கீழே போடும். சின்னக் கண் வலை காற்றுப் பிடிக்கும் என்று பெரிய கண் வலையாகத் தேடி எடுத்ததற்கும், அடிக்கயிற்றில் ஈயத்தைக் கழற்றி மணல் பை வைத்ததற்கும் தனி நன்றி.

சைக்கிள் கடை அண்ணை அளவுமானி உள்ள பம்மைத் தந்திராவிட்டால் பாதி வேலை வீண். 5ஆம் இலக்கப் பந்துக்கு விதி சொல்லும் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 இறாத்தல். எங்கள் பந்துகள் கல்லுப்போல இருந்தன. காய்ந்த செம்மண் தரையில் அப்படிப்பட்ட பந்து துள்ளிக்கொண்டே வரும். கால் அதன் அடியில் போய்விழ, பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் பனங்காணிக்குள் போகும். 9 இறாத்தலுக்கு இறக்கிய பிறகு பந்து தரையோடு ஓடியது. ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வின் இறப்பர் கிழியும் என்றும் காட்டித் தந்தீர்கள்.

பெண்கள் அணியின் கோல் காப்பாளர் அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. காப்பாளருக்கு எது கஷ்டம் என்பதை அவர் கோலுக்குள் நின்றே காட்டினார். இடுப்பு உயரத்தில் வரும் பந்து பலகாரத் தட்டை நீட்டின மாதிரி. தூரத்துக் கம்பத்தின் அடிக்குத் தரையோடு போகும் பந்துக்கு உடம்பை முழுதாக விழுத்த வேண்டும். தட்டினாலும் பந்து திரும்ப ஆட்களுக்குள்தான் வரும். காப்பாளர் முன்னேறி ஓடிவரும்போது அவர் இரு காலையும் ஊன்றி நிற்க முந்தியே அடிக்க வேண்டும். நின்றுவிட்டாரென்றால் அடிக்காதே, பக்கத்தால் வெட்டிப் போ.

அடியின் ஒழுங்கையும் அக்காதான் பிரித்துக் காட்டினார். பந்து வர முந்தி ஒரு தரம் தலை நிமிர்ந்து பார். முதல் தொடுகையில் பந்தைச் சரிவாக ஓர் எட்டு முன்னுக்குத் தள்ளு. இரண்டு எட்டுப் போனால் அது காப்பாளரின் பந்து. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, பெருவிரல் குறியை நோக்கி. அந்தக் கால் பின்தங்கினால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலெழும். கணுக்காலை இறுக்கி, உட்பாதத்தால் அடி. 11 மீற்றர் தண்ட உதைப் புள்ளிக்கு உள்ளே நின்று மூலை பார்த்து அனுப்பினால் போதும், பலம் தேவையில்லை.

அரியாலைப் பழைய ஆட்டக்கார ஐயா, ஒரு நாளைக்கு 40 உதைக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தினீர்கள். ஆறு பந்து, ஒன்றரை நிமிட ஓய்வு, மீண்டும் ஆறு. களைத்தால் முதலில் பிந்துவது ஊன்றும் கால்தான். அதற்குப் பிறகு அடிப்பதெல்லாம் பிழையைப் பழகுவது. தம்பியின் தங்கச்சி கொப்பியில் எந்தக் கால், பந்து எங்கே போனது, ஊன்றிய கால் எங்கே நின்றது என்று மூன்று நிரல் போட்டு எழுதி வந்தா. அந்தக் கொப்பி இல்லாமல் ஐயாவின் கண்டிப்பும் எடுபட்டிராது.

மதிலில் இருந்து பார்த்தவர்களே, “அடியடா!” என்று கத்தாமல் இருந்ததற்கு நன்றி. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கடைசி வாரம் நாங்கள் கேட்டபடியே தொண்டை கிழியக் கத்தியதற்கும் நன்றி. “பதறாதே” என்று சொல்லி எந்தப் பிள்ளையின் பதற்றமும் குறைந்ததில்லை. கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். பந்தை முன்னுக்குத் தள்ளும்போது மூச்சை நீளமாக விடுவது ஒரு வேலை. தவறவிட்டால் குனிந்து காலுறையை இழுத்துவிட்டு, கம்பத்தைத் திரும்பிப் பாராமல் தன் இடத்துக்கு ஓடுவது இன்னொன்று. சத்தத்துக்குள்ளும் இரண்டையும் விடாமல் செய்தான்.

அண்ணை, பம்மை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம். ஓர் ஊசி தொலைந்துவிட்டது. புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
பயிற்சியாளர்கள், யாழ்ப்பாணம்