இலைக்குள் ஒளிந்த செங்காந்தள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கான்டாக்ட் ஷீட், ரோல் முழுவதும் சின்னச் சின்னப் படங்களாக அச்சான அந்தத் தாள், கிடைத்தது. 36 படங்களையும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "நேரில் தீயாய் நின்ற செங்காந்தள், படத்தில் பாதியைக் காணோம் அக்கா" என்று வருத்தப்பட்டிருந்தாய். பூ எங்கேயும் போகவில்லையடா, இலைக்குள் ஒளிந்திருக்கிறது.

நீ போட்டிருந்த எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை பிலிம் எல்லா நிறத்தையும் உணரும். ஆனால் பதிந்து வைப்பது வெளிச்சத்தின் அளவை மட்டும்தான். இதழ் நுனியின் சிவப்பும் பின்னாலிருக்கும் இலையின் பச்சையும் நம் கண்ணுக்கு எதிரெதிர். பிலிமில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழுந்துவிட்டன. அதனால்தான் நுனியெல்லாம் கரைந்துபோய், இதழின் அடியிலிருக்கும் மஞ்சள் மட்டும் தனியாக மிதக்கிறது.

அடுத்த முறை லென்ஸுக்கு முன்னால் பச்சைக் கண்ணாடி பில்டர் போட்டுப் பார். சிவப்பு நுனி கறுக்கும், மஞ்சளும் இலையும் வெளுக்கும், நெளிநெளியான இதழ் ஓரம் அப்போதுதான் எழுந்து நிற்கும். சிவப்பு பில்டர் போட்டால் பூ முழுக்க வெளுத்து, இலை இருண்டுவிடும். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே இதழில் இரண்டு நிறம் இருந்த அடையாளமே போய்விடும். எனக்கு அதற்கு மனசு வராது.

உன் 22-வது படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓரத்தில் ஓர் இலை. அதன் நுனி மெலிந்து, கம்பியாகச் சுருண்டு, பக்கத்துக் குச்சியை ஒன்றரைச் சுற்று சுற்றிப் பிடித்திருக்கிறது. அந்தக் கொடி இலை நுனியால்தான் ஏறுகிறது! வண்ணப் படமாக இருந்திருந்தால் என் கண் பூவைவிட்டு நகர்ந்திருக்காது. ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற கலை ஆசிரியர், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவே மொட்டையும் தண்டையும் சுருள்கொடியையும் பல மடங்கு பெரிதாக எடுத்தார். 1932-ல் இறந்தார். அவர் படங்களைத் தேடிப் பார்.

அப்புறம் அந்தக் காளான் படங்கள். இருட்டடித்துப் போனதற்கு வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் குறை சொல்லாதே. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியைத் தாண்டினால் பிலிம் மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். இந்த பிலிமுக்கு மீட்டர் 10 விநாடி சொன்னால் 20 விநாடி கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு ரோலையே இழந்திருக்கிறேன். மழை விட்ட மறுநாள், பட்டுப்போன மரத்தடியில் விரல் நகம் அளவுக் காளான்கள், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக. கழுவிப் பார்த்தால் நெகட்டிவ் ஒன்றும் பதியாமல் கண்ணாடியாக இருந்தது. திரும்பப் போனபோது எல்லாம் குழைந்து கிடந்தன. இன்னும் அந்த மடிப்புகள் கண்ணிலேயே நிற்கின்றன.

குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காதே, விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொள். காற்று அடங்கும்வரை ஷட்டரைத் தொடாதே.

கொடியில் இன்னும் பூ இருந்தால், ஒரே பூவை மூன்று தடவை எடு: பில்டர் இல்லாமல் ஒன்று, பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. மறக்காமல் அந்த இலை நுனியையும் கிட்டப் போய் எடு. நெகட்டிவையே அனுப்பிவிடு, நான் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா